ஒரே வீட்டில் வளர்ந்த ஆறு பேர்

பத்தாம் தரத்தில் படிக்கும் பிள்ளை. காலை இடைவேளைக்கு மற்றவர்கள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது இவள் மட்டும் தண்ணீர்ப் போத்தலோடு வெளியே போய்விடுவாள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் இப்படி. வீட்டில் கஷ்டமோ என்று நினைத்த வகுப்பாசிரியை ஒரு நாள் தன்னுடைய பாணில் பாதியைப் பிய்த்துக் கொடுத்திருக்கிறார். பிள்ளை வாங்கவில்லை.

"அப்பா இன்னும் சாப்பிடேல்ல டீச்சர்" என்றிருக்கிறாள்.

அந்த ஒரு வசனம்தான் இந்தக் குடும்பத்தை என் மேசைக்குக் கொண்டுவந்தது. நான் திருகோணமலையில் உளவளத்துணை வேலை செய்பவள். இதை எழுத மனைவியிடமும் கணவரிடமும் தனித்தனியாக அனுமதி வாங்கினேன். யாரென்று தெரியாதிருக்க வயது, இடம், உறவுமுறை விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். கணவரின் தொழிலை மாற்றவில்லை. விஷயத்தின் பாதி அதற்குள் இருக்கிறது. உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரை அந்த வேலை பார்ப்பவர்கள் ஏராளம் என்பதால் அதனால் யாரையும் அடையாளம் காண முடியாது.

வீட்டுச் சட்டங்கள்

கணவருக்கு 44 வயது. கடற்கரை ஹோட்டல் ஒன்றில் மேற்பார்வையாளர். வரவேற்பு மேசையும் சாப்பாட்டு மண்டபமும் அவர் பொறுப்பு. மனைவி 39, முன்பள்ளி ஆசிரியை. ஒரே மகள். அவர்கள் இருக்கும் வீடு மனைவியின் சீதன வீடு, உறுதியும் அவர் பெயரில்தான். கிழக்கில் இது புதினமில்லை. மகளுக்கு வீடு கொடுப்பதும் மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பதும் தமிழர், முஸ்லிம்கள் இரண்டு பக்கத்திலும் உள்ள வழக்கம். இந்த வீட்டுக் கதையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும். மனைவியின் தாயும் தகப்பனும் இப்போது இல்லை. ஒரே அண்ணன் கனடாவில்.

வீட்டில் முதலில் அவர் சாப்பிட வேண்டும். அவர் கை வைக்காத பானையில் வேறு யாரும் கை வைக்கக்கூடாது. இரவு வேலை என்றால் அவர் வீட்டுக்கு வரக் காலை ஒன்பது மணியாகும். மகள் ஏழு மணிக்கே பாடசாலைக்குப் போக வேண்டும், மனைவி எட்டுக்குள் முன்பள்ளியில் நிற்க வேண்டும். ஆகவே அந்த நாட்களில் புட்டும் சொதியும் மூடியபடி மேசையில் இருக்கும், தாயும் மகளும் வெறும் தேத்தண்ணியோடு வெளிக்கிடுவார்கள்.

உப்புக் கூடினாலோ மீன் வெடுக்கு அடித்தாலோ அவர் சத்தம் போடமாட்டார். எழும்பிப் போய்ச் சோற்றுப் பானைக்குள் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றுவார். குழம்புச் சட்டிக்குள் இன்னொரு செம்பு. பிறகு கையைக் கழுவிவிட்டு டிவிக்கு முன்னால் போய் இருப்பார். அன்றைக்கு யாருக்கும் சாப்பாடு இல்லை. தான் கடையில் சாப்பிடுவார்.

கதைக்காமல் இருப்பது இன்னொன்று. ஆகக் கூடியது 41 நாள். மனைவி காலண்டரில் பென்சிலால் புள்ளி வைத்திருந்தார், அதைக் கொண்டுவந்து காட்டினார். அந்த 41 நாளும் மகள்தான் தபால்காரி. "அம்மாவிட்டச் சொல்லு, சேட்டை அயன் பண்ணட்டாம்." அம்மா நாலு அடி தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருப்பார். மாமனாரின் திவசத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் முன்னால் மனைவியின் செலவுக் கொப்பியை எடுத்து வாசித்து, "பத்து ரூபாய்க் கணக்குத் தெரியாதவதான் ஊர்ப் பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறா" என்று சிரித்தாராம். சிலர் கூடச் சிரித்திருக்கிறார்கள்.

கை வைத்தது ஒரே ஒரு தரம், கல்யாணமாகி இரண்டாம் வருஷம். அதனால்தான் மனைவிக்கே குழப்பம். "அடிக்கிறேல்ல மிஸ். இதைக் கொடுமை எண்டு சொல்லலாமோ தெரியேல்ல" என்றுதான் தொடங்கினார். முன்பு முறைப்பாடு செய்யப் போன இடத்திலும் "அடிக்கேல்லத்தானே, பேசித் தீருங்க" என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஊரில் மதிப்பான ஒரு பெரியவரிடம் போயிருக்கிறார். அவர் சொன்னது: "அவன் வளர்ந்த விதம் அப்பிடிப் பிள்ளை. பொறுத்துப் போ." ஆக, கணவர் வாய் திறப்பதற்கு முன்னாலேயே அவருக்கான சாக்கை ஊர் தயாராக வைத்திருந்தது.

"நான் வளர்ந்தது அப்பிடி"

அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்தார். அயன் பண்ணிய வெள்ளைச் சேட், மெதுவான குரல். கதவைத் திறந்துவிட்டு என்னை முதலில் உள்ளே போகச் சொன்னார். நான் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

"நான் ஒண்டும் மறைக்கேல்ல மிஸ். தண்ணி ஊத்தினது உண்மை. எங்கட அப்பாவும் ஊத்தினவர். எங்கட அம்மா ஒரு நாளும் அப்பாவுக்கு முதல் சாப்பிட்டதில்ல. நான் அதைப் பாத்து வளர்ந்தவன். இதுதான் எங்கட கலாசாரம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் எண்டு சும்மாவா சொன்னவங்க?"

பிறகு தன் கதையைச் சொன்னார். தகப்பன் கூலி வேலை, கோபக்காரர். ஆறு பிள்ளைகள், இவர் ஐந்தாவது. 1990இல் ஊரை விட்டு ஓடியது, அகதி முகாம், வரிசையில் நின்று வாங்கிய பருப்பும் சோறும். இந்த மாவட்டத்தில் அந்த வயதுக்காரர் ஒருவர் சொல்லும் கதையில் பொய் தேட வேண்டியதில்லை. எல்லார் கதையிலும் ஒரு முகாம் இருக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. எங்கள் வீட்டிலும் அப்பாதான் முதலில் சாப்பிடுவார். அம்மா பரிமாறிவிட்டு நிற்பார். அதனால் அவர் சொன்ன வீடு எனக்குப் பழக்கமான வீடாகத் தெரிந்தது. எங்கள் அப்பா மீனின் நடுத்துண்டைச் சட்டியிலேயே விட்டுவிட்டு, "அது உங்கட அம்மாவுக்கு" என்று எங்களுக்குச் சொல்லிவிட்டுத்தான் எழும்புவார் என்பது அன்றைக்கு என் ஞாபகத்துக்கு வரவில்லை. பல நாள் கழித்து, வீட்டில் மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போதுதான் வந்தது. முதலில் சாப்பிடுவது ஒரு வழக்கம். அதை வைத்து மற்றவரைப் பட்டினி போடுவது வேறு சங்கதி. இரண்டையும் ஒரே சொல்லுக்குள் போட்டு அவர் என் முன்னால் வைத்தார், நானும் பிரித்துப் பார்க்காமல் வாங்கிக்கொண்டேன்.

அந்த இரக்கத்தில் ஒரு பிழை செய்தேன். மூன்றாவது சந்திப்பிலேயே இருவரையும் ஒன்றாக உட்கார வைத்தேன். ஒருவர் மற்றவருக்குப் பயந்து வாழும் வீட்டில், பாதுகாப்பை உறுதிப்படுத்தாமல் கூட்டுச் சந்திப்பு வைக்கக்கூடாது. அங்கே சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் வீட்டில் விலை கொடுக்க நேரும். இது எங்களுக்குப் பயிற்சியின் ஆரம்பத்திலேயே சொல்லித்தருவது. ஆனாலும் செய்தேன். கணவர் அவ்வளவு பண்பாக இருந்தார்! மனைவி முதன்முதலாக அந்த 41 நாளைப் பற்றி அவர் முகத்துக்கு நேரே சொன்னார். அவர் தலையாட்டிக் கேட்டார், எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிரவு மனைவி குப்பை போட வெளியே போன நேரம் கதவைப் பூட்டிவிட்டார். அது டிசம்பர். மார்கழி மழை இங்கே எப்படிப் பெய்யும் என்று தெரியும்தானே. தன்னுடைய சீதன வீட்டின் விறாந்தையில், நுளம்புக்கும் தூவானத்துக்கும் நடுவில், விடியும்வரை இருந்திருக்கிறார். உள்ளே மகள் கதவுக்கு அந்தப் பக்கம் நிலத்தில் படுத்திருந்தாளாம். திறந்தால் நாளைக்கு அம்மாவுக்கு இன்னும் கூடும் என்ற பயம்.

சட்டம் எதைக் கேட்கிறது

அடுத்த நாளே மனைவியை என்னுடன் வேலை செய்யும் நண்பி ஒருவரிடம் ஒப்படைத்தேன். இருவரையும் ஒருவரே பார்ப்பது இனிச் சரிவராது. சட்ட உதவி ஆணைக்குழுவின் ஊடாகச் சட்டத்தரணி ஒருவர் கிடைத்தார்.

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றிப் பலரும் நினைப்பது, அடித்த காயம் இருந்தால்தான் போகலாம் என்று. அப்படியில்லை. உணர்வுரீதியான துன்புறுத்தலும் அதற்குள் வருகிறது. கொடூரமான, மனிதத்தன்மையற்ற, இழிவுபடுத்தும் அல்லது அவமானப்படுத்தும் பாரதூரமான நடத்தை ஒருவர் மேல் தொடர்ச்சியாகக் காட்டப்பட்டால் அது துன்புறுத்தல் என்று சட்டம் பொருள் சொல்கிறது. ஒரு நாள் கோபம் போதாது, தொடர்ச்சி வேண்டும். பென்சில் புள்ளி வைத்த காலண்டர் அந்தத் தொடர்ச்சியைக் காட்டியது. விண்ணப்பத்தை நீதவான் நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரும் கொடுக்கலாம். அவசரமென்றால் முதலில் இடைக்காலக் கட்டளை, அதிலிருந்து 14 நாட்களுக்குள் விசாரணை, பிறகு ஆகக்கூடியது 12 மாதத்துக்குப் பாதுகாப்புக் கட்டளை. கட்டளையை மீறினால் ஒரு வருஷம் வரை சிறை அல்லது தண்டப்பணம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். இந்த முழு நடைமுறையிலும் "நீ எந்த வீட்டில் வளர்ந்தாய்" என்ற கேள்விக்கு ஒரு கோடுகூட இல்லை.

நீதிமன்றம் அவரை அந்த வீட்டுக்குப் போகக்கூடாது என்றும் உளவளத்துணைக்குப் போக வேண்டும் என்றும் கட்டளையிட்டது. அவர் தம்பி வீட்டில் போய் இருந்தார். தம்பி ஓட்டோ ஓடுபவர். என்னிடம் வருவதை அவர் நிறுத்தவில்லை.

அது தொழில் மிஸ்

கட்டளைக்குப் பிறகு வந்த முதல் சந்திப்பில் அந்த மெதுவான குரல் இல்லை. ஒரே பின்னேரத்தில் அவர் சொன்னவற்றைக் குறிப்பில் இருந்து அப்படியே தருகிறேன். "நான் என்ன செய்ய, என்னை வளர்த்தது அப்பிடி." "ஆருக்குக் காயம்? கை வெச்சனா?" "அவவின்ர வாயும் லேசுப்பட்டதில்ல." "நீங்க என்ஜிஓ மாதிரிக் கதைக்கிறீங்க, வெளிநாட்டுக்காரன் சொல்லித்தாறதைச் சொல்றீங்க." "குடும்ப மானத்துக்காகத்தான் கண்டிப்பா இருந்தன்."

கிரஷாம் சைக்ஸ், டேவிட் மட்சா என்ற இரண்டு அமெரிக்க சமூகவியலாளர்கள் 1957இல் எழுதிய ஒரு கட்டுரை இருக்கிறது. குற்றம் செய்யும் இளைஞர்கள் தங்கள் மனச்சாட்சியை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதுதான் அவர்கள் ஆராய்ந்தது. பொறுப்பை மறுப்பது, பாதிப்பை மறுப்பது, பாதிக்கப்பட்டவரே பாதிக்கப்பட்டவரல்ல என்பது, குறை சொல்பவரைக் குறை சொல்வது, பெரிய விசுவாசம் ஒன்றைக் காட்டுவது என்று ஐந்து வழிகளைச் சொன்னார்கள். மேலே உள்ள ஐந்து வசனங்களையும் அதே வரிசையில் பொருத்திப் பாருங்கள். உப்புவெளி மனிதர் அந்தக் கட்டுரையைப் படித்திருக்க வாய்ப்பில்லை. அவர்கள் எழுதியதில் எனக்குப் பிடித்தது, இந்தச் சமாதானங்கள் காரியம் முடிந்த பிறகு மட்டும் வருவதில்லை, காரியத்துக்கு முன்னாலேயே வந்து வழியைத் திறந்துவிடுகின்றன என்ற இடம். பானைக்குள் செம்பைக் கவிழ்க்கும் கைக்குப் பின்னால் "அப்பாவும் ஊத்தினவர்" என்ற வசனம் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கிறது.

சரி, வாதாடிப் பயனில்லை என்று அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டேன். முகம் மலர்ந்துவிட்டது. அந்த வேலையில் அவர் உண்மையிலேயே கெட்டிக்காரர். ஒரு வெளிநாட்டுக்காரர் சாப்பாடு பிந்தி வந்ததென்று பீங்கானைத் தள்ளிவிட்டதையும், மடியில் குழம்பு கொட்ட, தான் சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டு இன்னொரு பீங்கான் கொண்டுபோய் வைத்ததையும் பெருமையோடு சொன்னார். அந்த ஆள் போகும்போது அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னாராம்.

"உங்களுக்குக் கோபம் வரேல்லயா?"

"வந்தது. அடக்கினன்."

"அந்த இடத்தில வளர்ப்பு எங்க போனது?"

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "அது தொழில் மிஸ்."

அதற்கு மேல் அன்றைக்கு நான் எதுவும் கேட்கவில்லை. முதலாளிக்கு முன்னால், விருந்தாளிக்கு முன்னால், பொலிஸ்காரருக்கு முன்னால், எனக்கு முன்னால்கூட அடங்கிக் கிடக்கிற ஒரு வளர்ப்பு. திருப்பி ஒன்றும் செய்ய முடியாதவர்கள் இருக்கும் வீட்டில் மட்டும்தான் அது எழும்புகிறது. ஒருவருக்குக் கை நடுக்கம் என்றால் வீட்டிலும் நடுங்கும், வெளியிலும் நடுங்கும். ஆள் பார்த்து நடுங்காது.

பெரியக்கா

ஆறு பேர் என்று அவர் சொன்னது மனதில் இருந்தது. மற்ற ஐந்து பேரும் எப்படி இருக்கிறார்கள்? அவருடைய சம்மதத்தோடு இரண்டு பேரைச் சந்தித்தேன். தம்பியைப் பார்ப்பது லேசாக இருந்தது. அவர் வீட்டுக்குப் போன நேரம் அவரே மனைவிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "அப்பாவைப் பத்தியா? நான் அப்பா மாதிரி வரக்கூடாதெண்டு சின்னதிலயே நினைச்சனான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஓட்டோவுக்கு ஆள் வந்து காத்துக்கொண்டிருக்கிறார், போக வேண்டும்.

பெரியக்கா அன்புவழிபுரத்தில் இருக்கிறார். 57 வயது. நான் போன நேரம் முற்றத்தில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தார். தகப்பன் தண்ணீர் ஊற்றியது உண்மையா என்று கேட்டேன்.

"உண்மைதான் மிஸ். ஒரு தரம்."

"ஒரு தரமா?"

"ஒரு தரம்தான். ரெண்டாந்தரம் ஊத்த அம்மம்மா விடேல்ல. எங்கட வீடு அம்மாவின்ர சீதன வீடு. அம்மம்மா பக்கத்து வளவு. சத்தம் கேட்டு வந்தா. பானையைப் பாத்தா. ஒண்டும் பேசேல்ல, அப்பாவின்ர பாயையும் தலகாணியையும் எடுத்துப் படலைக்கு வெளியால வெச்சா. 'என்ர பேரப்பிள்ளையள் பசியோட கிடக்கிற வீட்டில உமக்குப் படுக்கை இல்ல தம்பி' எண்டு சொன்னா. மூண்டு நாள் அப்பா அவர்ட அக்கா வீட்டில. மாமாமார் போய்க் கதைச்சுத்தான் கூட்டிக்கொண்டு வந்தவங்க. அதுக்குப் பிறகும் கோபக்காரர்தான், ஏசுவார். ஆனா சோத்தில கை வைக்கேல்ல."

நான் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் மிளகாயைப் புரட்டிக்கொண்டே சொன்னார்.

"இவன் அதைச் சொல்லேல்லயா? அண்டைக்கு நாங்க எல்லாரும் அழுதுகொண்டு கிடக்கிறம். இவனுக்கு ஏழோ எட்டோ வயசு. பானைக்குள்ள கையை விட்டுச் சோத்தைப் பிழிஞ்சு பிழிஞ்சு எடுத்தான். வெங்காயமும் உப்பும் போட்டுக் குழைச்சு, எல்லாருக்கும் ஒவ்வொரு உருண்டை தந்தவன். அம்மாவுக்கு முதல் உருண்டை."

பல வருஷ வேலையில் நான் எழுதுவதை நிறுத்திப் பேனாவைக் கீழே வைத்த தருணங்கள் குறைவு. அது ஒன்று.

அவர் "எங்கட கலாசாரம்" என்று எனக்குக் கொடுத்ததில் தகப்பன் இருந்தார், செம்பு இருந்தது. அம்மம்மா இல்லை, படலைக்கு வெளியே வைத்த பாய் இல்லை, வந்து கதைத்த மாமாமார் இல்லை. சோற்றைப் பிழிந்த பையனும் இல்லை. அந்த வீட்டின் வழக்கம் என்றால் இவ்வளவும் சேர்ந்துதான். பெண் தன் வீட்டில், தன் ஆட்கள் கூப்பிடு தூரத்தில் இருக்க வாழ்வது கிழக்கின் பழைய ஏற்பாடு. அதற்குள் ஆணின் கோபத்துக்கு ஒரு வேலி இருந்தது. இவருடைய மனைவிக்கும் வீடு இருக்கிறது. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. போர், வெளிநாடு, மரணம் என்று எல்லாரும் போய்விட்டார்கள். அவர் தகப்பனின் உரிமையை எடுத்துக்கொண்டார். அதைத் தடுத்த கை இல்லாமல் போனது அவருக்கு வசதியாகிவிட்டது.

இதே சங்கதி எங்கோ தூரத்தில் ஒரு நீதிமன்றத்திலும் நடந்திருக்கிறது. 1987இல் நியூயோர்க்கில், சீனாவிலிருந்து குடியேறிய ஒருவர் மனைவிக்கு வேறு தொடர்பு இருப்பதை அறிந்து சுத்தியலால் அடித்துக் கொன்றார். மானிடவியல் பேராசிரியர் ஒருவர் அவருக்காகச் சாட்சி சொன்னார்: சீனப் பண்பாட்டில் இது ஆணுக்குத் தாங்க முடியாத அவமானம் என்று. 1989இல் அவருக்குச் சிறைத்தண்டனை இல்லை, ஐந்து வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு மட்டும். அதே பேராசிரியர்தான், சீனாவில் கணவன் கொல்லப்போகிறேன் என்று கத்தினால் சொந்தமும் அயலும் குறுக்கே விழுந்து தடுத்துவிடும் என்றும் சொன்னார். அப்படிக் கணவன் உண்மையிலேயே கொன்ற ஒரு சம்பவத்தைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை. ஆக அந்தப் பண்பாட்டில் இருந்தது மிரட்டலும் தடுப்பும். நீதிமன்றம் மிரட்டலை மட்டும் பண்பாடு என்று எடுத்துக்கொண்டது. இறந்த பெண்ணும் அதே பண்பாட்டில் பிறந்தவள்தான் என்பதைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

திருகோணமலையில் இந்த வேலை செய்வதில் ஒரு வசதி. மூன்று இனத்தவரும் வருவார்கள். கிண்ணியா, மூதூர் பக்கம் முஸ்லிம் குடும்பங்களைப் பார்க்கும் இன்னொரு நண்பி கேட்பதும் "எங்கட ஆக்கள் இப்பிடித்தான்". சிங்களக் குடும்பங்களைப் பார்க்கும் நண்பர் கேட்பதும் அதையேதான், சிங்களத்தில். ஒவ்வொருவரும் இது தங்களுக்கே உரிய பண்பாடு என்று நினைக்கிறார்கள். மதியச் சாப்பாட்டு நேரம் இதைச் சொல்லி நாங்கள் சிரிப்பதுண்டு, சிரிக்கக்கூடாத பகிடி என்றாலும்.

காயம்பட்ட பிள்ளைப்பருவம் ஒன்றும் செய்யாது என்று நான் சொல்லவில்லை. செய்யும். சிறுவயதில் துன்புறுத்தப்பட்டவர்கள் பெற்றோரானதும் என்ன ஆகிறார்கள் என்று முந்தைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காஃப்மன், சிக்லர் இருவரும் 1987இல் சொன்ன மதிப்பீடு ஏறக்குறைய 30 சதவீதம். சாதாரணக் குடும்பங்களை விட அது மிகவும் கூட. ஆனாலும் பத்தில் ஏழு பேர் திருப்பிச் செய்யவில்லை. அது பிள்ளைகளைத் துன்புறுத்துவது பற்றிய கணக்கு, மனைவியைப் பற்றியதல்ல. நம் நாட்டுக் கணக்கும் ஒன்று இருக்கிறது. 2019இல் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய பெண்கள் நலவாழ்வு ஆய்வில், துணைவரோடு வாழ்ந்த பெண்களில் 20.4 சதவீதத்தினர் அவரிடமிருந்து உடல் அல்லது பாலியல் வன்முறையை வாழ்நாளில் ஒரு முறையாவது சந்தித்திருந்தார்கள். ஐந்தில் ஒருவர். சொல்லாமல் மறைத்தவர்களையும் சேர்த்தால் கூடும்தான். ஆனால் மற்ற வீடுகளில் இருக்கும் ஆண்களையும் இதே கோயிலும் பள்ளிவாசலும், இதே பாடசாலையும் இதே பழமொழிகளும்தானே வளர்த்தன?

அந்த மாதிரிக் கணக்கெல்லாம் அவரிடம் நான் சொல்லவில்லை. அவர் வீட்டு ஆறு பேரே போதும்.

பிழிந்த சோறு

பெரியக்காவின் அனுமதியோடு அடுத்த சந்திப்பில் சொன்னேன். பாய், தலகாணி, மூன்று நாள் எல்லாவற்றையும். முகத்தில் அசைவில்லை. சோற்று உருண்டைக்கு வந்ததும், "அக்கா அதைச் சொன்னாவா?" என்று கேட்டார்.

"ஞாபகம் இருக்கா?"

"ஞாபகம் இல்லாம?" என்றார். பிறகு எழும்பி ஜன்னல் பக்கம் போய் நின்றார். அவர் அழுதார், மனம் மாறினார் என்று இங்கே எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். அவர் அழவில்லை. அக்கா தேவையில்லாமல் வாய் விடுகிறாள் என்று கோபப்பட்டார். மூன்று வாரம் வரவில்லை. நீதிமன்றக் கட்டளையை ஞாபகப்படுத்திக் கடிதம் போட்ட பிறகுதான் வந்தார்.

வந்த அன்றைக்கு, உட்கார முதலே, "எனக்குத் தெரியும் மிஸ்" என்றார்.

"என்ன தெரியும்?"

"தண்ணி ஊத்தினாச் சோறு எப்பிடி இருக்கும் எண்டு."

அதை ஒரு ஆரம்பமாகத்தான் எடுத்தேன். அதற்குப் பிறகு நடந்தது மெதுவான, சலிப்பான வேலை. எட்டு மாதம். ஒவ்வொரு முறையும் "வளர்ப்பு" என்ற சொல் வந்தால், அதற்குப் பதிலாக "நான்" என்று வைத்து அதே வசனத்தைத் திரும்பச் சொல்லச் சொன்னேன். "வளர்ப்பால பேசாம இருந்தன்" என்பது "அவ என்னட்டக் கெஞ்ச வேணும் எண்டு நான் பேசாம இருந்தன்" என்று வர இரண்டு மாதம் எடுத்தது. சில நாள் நன்றாகப் போகும், அடுத்த கிழமை ஐந்து வாதமும் மறுபடி முதலில் இருந்து. மனைவியிடம் மன்னிப்புக் கேட்க விரும்புவதாக ஒரு நாள் சொன்னார். எதற்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். விறாந்தை இரவு அந்தப் பட்டியலில் இல்லை. அதையும் சேர்க்கும்வரை, மனைவியைப் பார்க்கும் என் நண்பி அவரிடம் எதையும் கொண்டுபோகவில்லை.

அந்தப் பக்கம் மனைவியும் மகளும் எப்படி இருந்தார்கள் என்பது என் நண்பியின் குறிப்பில்தான் இருக்கிறது, அதை நான் பார்ப்பதில்லை. ஒன்றை மட்டும் சொன்னார். முதல் சில கிழமை சமைத்து வைத்துவிட்டு இருவரும் மேசையைப் பார்த்துக்கொண்டு இருப்பார்களாம், யார் முதலில் கை வைப்பதென்று தெரியாமல்.

பன்னிரண்டு மாதம் முடிந்ததும் மனைவி கட்டளையை நீடிக்கக் கேட்கவில்லை. அவரைத் திரும்ப வந்து இருக்கவும் சொல்லவில்லை. அவர் இப்போதும் தம்பி வீட்டில்தான். மாதம் ஒரு முறை என்னிடம் வருகிறார், இப்போது கட்டாயமில்லாமல்.

மகளின் பிறந்தநாளுக்கு மத்தியானம் சாப்பிட வரலாமா என்று தம்பி மூலம் கேட்டிருந்தார். ஒரு மணிக்கு வரலாம் என்று மனைவி சொல்லியனுப்பினார். அவர் 12.50க்கே போய்ப் படலையில் நின்றிருக்கிறார். உள்ளே கூப்பிட்டார்கள். பாரைக் குழம்பும் கத்தரிக்காய்ப் பாற்கறியும். மேசையில் ஒரு பீங்கான்தான் இருந்தது. மகளுடையது கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது, தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருந்ததாம். அவள் பன்னிரண்டு மணிக்கே சாப்பிட்டுவிட்டாள்.

"என்ன செய்தீங்க?" என்று கேட்டேன்.

"போட்டுச் சாப்பிட்டன் மிஸ்" என்றார். "உப்புக் கொஞ்சம் கூட."